வலை இடைமுக வரையறைகளும் பிறமொழிப் பைண்டிங்குகளும்: வகைப் பொருத்தம் குறித்த ஓர் ஆய்வு

உலாவிக்குள் இயங்கும் நிரல் எதுவாயினும், திரையில் ஓர் எழுத்தைக் காட்டுவதற்கும், தொலைவிலுள்ள சர்வரிடமிருந்து ஒரு கோப்பைப் பெறுவதற்கும், கேன்வாஸில் ஒரு கோட்டை வரைவதற்கும், உலாவி வெளியிட்டிருக்கும் இடைமுகங்களின் வழியாகவே சென்றாக வேண்டும். அந்த இடைமுகங்களின் தொகை இன்று ஆயிரத்தைக் கடந்துவிட்டது. இவ்வளவையும் ஜாவாஸ்கிரிப்ட் அல்லாத வேறொரு மொழியில் எழுதுவோருக்குக் கிடைக்கச் செய்ய வேண்டுமானால், ஒவ்வொன்றுக்கும் கையால் உறை எழுதிக்கொண்டிருப்பது சாத்தியமன்று. ஆகவே, உலாவிகளின் தர நிர்ணய ஆவணங்களில் வெப் ஐ.டி.எல். என்னும் விவரண மொழியில் எழுதப்பட்டுள்ள வரையறைகளை ஒரு கருவியிடம் ஒப்படைத்து, ரஸ்ட், டார்ட், கோட்லின் முதலிய மொழிகளுக்கான பைண்டிங்குகளையும், டைப்ஸ்கிரிப்டுக்கான வகை அறிவிப்புகளையும் அக்கருவியே உற்பத்தி செய்யும்படி விடுவது இயல்பான மார்க்கமாயிற்று. இம்மார்க்கத்தால் விளைந்த நன்மை மிகப் பெரிது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இவ்வாறு உற்பத்தியாகும் பைண்டிங்குகளைக் கையாளுவோர், எந்த மொழிக்காரராயினும், ஏறக்குறைய ஒரே ஜாதியைச் சேர்ந்த இடர்ப்பாடுகளையே சந்திக்கிறார்கள்: எண்ணின் அகலம் பொருந்துவதில்லை, ஒரே செயலுக்குப் பத்துப் பெயர்கள் முளைக்கின்றன, நேற்றுவரை கம்பைல் ஆன நிரல் இன்று ஆக மறுக்கிறது. தனித்தனிக் கருவிகளின் குறைபாடு என்று இவற்றை ஒதுக்கிவிட முடியாது. மூலத்திலேயே உள்ள ஒரு தன்மை எல்லா மொழிகளிலும் தன்னைக் காட்டிக்கொள்கிறது என்று கொள்வதே பொருந்தும். அத்தன்மை யாது என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

விஷயத்தின் வேரைக் காண வேண்டுமானால் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். இடைமுகத்தை ஒரு மொழியையும் சாராமல் வரையறுத்து, அதிலிருந்து ஒவ்வொரு மொழிக்கும் உரிய வடிவத்தைப் பெறலாம் என்னும் கருத்து, 1991-இல் வெளிவந்த கார்பா தரத்தோடு பிரசித்தி பெற்றது. வெவ்வேறு கணினிகளில் வெவ்வேறு மொழிகளில் எழுதப்பட்ட பொருள்கள் ஒன்றையொன்று அழைத்துப் பேசுவதற்காக ஆப்ஜெக்ட் மானேஜ்மென்ட் குரூப் என்னும் அமைப்பு வகுத்த இடைமுக விவரண மொழியான ஐ.டி.எல்., 1998 அக்டோபர் 1-ஆம் தேதி டபிள்யூ3சி பரிந்துரையாக வெளியிட்ட டாம் முதல் நிலைத் தரத்திலும் அப்படியே எடுத்தாளப்பட்டது. அத்தரத்தின் பிற்சேர்க்கைகளில் ஜாவாவுக்கு ஒரு பைண்டிங்கும், எக்மாஸ்கிரிப்டுக்கு ஒரு பைண்டிங்கும் சமமான அந்தஸ்தோடு அச்சாகியிருந்தன. ஒரு மொழிக்கும் பட்சபாதம் காட்டாத வரையறை என்பது அந்நாளில் மெய்யான இலட்சியமாகவே இருந்தது.

ஆயினும் அந்த இலட்சியம் நடைமுறையில் முதல் அடியிலேயே இடறிற்று. ஜாவாவில் குறியற்ற முழு எண் இல்லாமையால், குறியற்ற 32 பிட் எண் என்று வரையறுக்கப்பட்ட பட்டியல் நீளம் ஜாவாவில் குறியுள்ள எண்ணாகவே வந்து சேர்ந்தது. 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த இரண்டாம் நிலைத் தரத்தில் நேரத்தைக் குறிக்கும் ஒரு வகை, மில்லி செகண்டுகளின் எண்ணிக்கையாக, குறியற்ற 64 பிட் அகலத்தில் வரையறுக்கப்பட்டது. ஜாவாவுக்கு அது லாங் என்று விதித்த அதே பத்தி, எக்மாஸ்கிரிப்டின் முழு எண்ணுக்கு அவ்வளவு வீச்சு இல்லை என்று காரணம் கூறி, அங்கே அது தேதிப் பொருளாக இருக்கும் என்று விதித்தது. உலாவிகளோ அவ்விதியைப் பின்பற்றாமல் வெறும் எண்ணையே திருப்பி அளித்தன. ஒரே வரையறை, இரண்டு பைண்டிங்குகள், நடைமுறையில் மூன்றாவதாக ஒன்று: பிற்காலத்துத் தொல்லைகள் அனைத்துக்கும் வித்து இந்தச் சிறு நிகழ்ச்சியிலேயே இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

கேமரன் மெக்கார்மக் என்பவர் பதிப்பாசிரியராக இருந்து 2007 முதல் உருவாக்கிய ஆவணமே பின்னர் வெப் ஐ.டி.எல். என்று பெயர் பெற்றது. தொடக்க வரைவுகளில் ஜாவாவுக்கும் இடம் இருந்தது. நாளடைவில் ஜாவாப் பகுதி தனி ஆவணமாகப் பிரிக்கப்பட்டுக் கவனிப்பாரற்றுப் போயிற்று. 2016 டிசம்பரில் முதல் நிலைப் பரிந்துரையாக மூல ஆவணம் வெளிவந்தபோது அதில் எஞ்சியிருந்தது ஜாவாஸ்கிரிப்ட் ஒன்றே. இப்போது வாட்விஜி குழுவின் பராமரிப்பில் இடைவிடாது திருத்தப்பட்டுவரும் ஆவணமாக அது இருக்கிறது. இந்த மாற்றத்தை வீழ்ச்சி என்று நான் கருதவில்லை. உலாவிகள் ஒன்றுக்கொன்று மாறுபட்டு நடந்த காலத்தில், ஜாவாஸ்கிரிப்டிலிருந்து வரும் மதிப்பு எத்தகையதாயினும் அதை எவ்வாறு ஏற்பது, எவ்வாறு மறுப்பது என்று அணு அணுவாக விதித்துக் கொடுத்தது இந்த ஆவணமே. அவ்விதிகள் இல்லாவிடில் உலாவிகளிடையே இன்று காணும் ஒற்றுமை ஏற்பட்டிராது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. வரையறையில் வகை என்ற பெயரில் எழுதப்பட்டிருப்பது, ஒரு மதிப்பு இன்ன கணத்தைச் சேர்ந்தது என்னும் சாஸ்திரீய அறிக்கையாக இல்லாமல், எந்த மதிப்பு வந்தாலும் அதை இன்னதாக மாற்றிக்கொள் என்னும் செய்முறையாக ஆகிவிட்டது.

இந்த வேற்றுமையே இக்கட்டுரையின் மையம் என்பதால் ஓர் உதாரணத்தை அருகில் வைத்துப் பார்ப்போம். குறிப்பிட்ட நேரம் கழித்து ஒரு செயலை நடத்தும் செட்டைம்அவுட், தன் தாமத மதிப்பை லாங் என்று, அதாவது குறியுள்ள 32 பிட் முழு எண் என்று, வரையறுத்துள்ளது. ஜாவாஸ்கிரிப்டில் ஒருவர் அங்கே ஓர் எழுத்துச் சரத்தைக் கொடுத்தால் பிழை எழுவதில்லை. சரம் எண்ணாக்கப்பட்டு, ஆகாவிடில் பூஜ்யமாகக் கொள்ளப்படும். 2147483647 என்னும் உச்சவரம்பைவிட ஒன்று கூடுதலான மதிப்பைக் கொடுத்தால், அது சுழன்று எதிர்மறை எண்ணாகி, பூஜ்யமாகக் கருதப்பட்டு, ஏறக்குறைய இருபத்தைந்து நாள் கழித்து நடக்க வேண்டிய செயல் உடனே நடந்துவிடும். இவை யாவும் விதிப்படியே நடப்பவை. ரஸ்டில் உற்பத்தியாகும் பைண்டிங் இதே லாங்கை 32 பிட் எண் வகையாக மொழிபெயர்க்கிறது. அங்கே சரத்தைக் கொடுக்க முடியாது, பெரிய எண்ணையும் நேரே கொடுக்க முடியாது. மேலோட்டமாகப் பார்த்தால் பாதுகாப்பு கூடிவிட்டது. ஆனால் தன்னிடமுள்ள 64 பிட் எண்ணைப் பொருத்துவதற்காக நிரலாசிரியர் அவ்விடத்தில் ஒரு வகைமாற்றத்தை எழுதுவார். அந்த மாற்றமும் மேல் பிட்டுகளைச் சத்தமின்றி வெட்டுவதே. சுழற்சி உலாவிக்குள்ளிருந்து நிரலாசிரியரின் கைக்கு இடம் மாறியதேயன்றி மறையவில்லை. வரம்பு மீறினால் பிழை எழுப்பு என்றும், வரம்பிலேயே நிறுத்து என்றும் சொல்லும் இரண்டு குறிப்புகள் வெப் ஐ.டி.எல்.-இல் உண்டு. ஆயினும் இவை இருக்கும் லாங்கும் இல்லாத லாங்கும் பைண்டிங்கில் ஒரே வகையாக வந்து நிற்கின்றன; செய்முறையில் இருந்த பேதம் வகையில் காணாமற்போகிறது.

64 பிட் எண்ணின் விஷயம் இதைவிடச் சிக்கலானது. ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண் ஒரு மிதவைப்புள்ளி எண். 9007199254740991 வரையிலேயே ஒவ்வொரு முழு எண்ணையும் பிசகின்றித் தாங்கக்கூடியது. வரையறையில் லாங் லாங் என்று எழுதியிருந்தாலும், உலாவியின் வாயிலில் அது இந்த மிதவைப்புள்ளி எண்ணாகவே வெளியே வருகிறது. கோப்பின் அளவைக் கூறும் பண்பு குறியற்ற 64 பிட் என்று வரையறுக்கப்பட்டிருப்பினும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலுக்குக் கிடைப்பது இதுவே. வெப்அசெம்ப்ளியின் 64 பிட் எண்ணோ ஜாவாஸ்கிரிப்டின் பிக்இன்ட் வகையோடுதான் பரிமாறிக்கொள்ளும். அந்தப் பரிமாற்றமும் உலாவிகளில் 2020 அளவிலேயே பரவத் தொடங்கிற்று. சாதாரண எண்ணை எதிர்பார்க்கும் இடத்தில் பிக்இன்ட்டைக் கொடுத்தால் உலாவி வகைப் பிழை எழுப்பும். பிக்இன்ட்டை எதிர்பார்க்கும் வெப்அசெம்ப்ளி வாயிலில் சாதாரண எண்ணைக் கொடுத்தாலும் அதே கதிதான். எனவே பெயரில் 64 பிட் என்று இருப்பதை 64 பிட்டாகவே மொழிபெயர்த்த கருவி தவறிழைத்ததாக முடிகிறது.

2018-இல் வெளிவந்த ரஸ்டின் வெப்-ஸிஸ் தொகுதி இதற்குக் கண்ட உபாயம் கவனிக்கத்தக்கது. லாங் லாங் வரும் இடங்களில் ஒரு செயலை இரண்டாகப் பிரித்து, 32 பிட் முழு எண்ணை ஏற்கும் ஒரு வடிவத்தையும், 64 பிட் மிதவைப்புள்ளி எண்ணை ஏற்கும் மற்றொரு வடிவத்தையும் அது உற்பத்தி செய்தது. வெப்ஜிஎல்-இன் பஃபர்டேட்டா செயலை எடுத்துக்கொள்வோம். வரையறையில் அது ஒரே பெயருடைய இரண்டு வடிவங்கள்: ஒன்று நினைவகத்தின் அளவை மட்டும் பெறும், மற்றொன்று தரவையே பெறும். அளவின் வகை 64 பிட் என்பதால் முதல் வடிவம் இரண்டாயிற்று. தரவு என்பது பல பஃபர் வகைகளுள் ஏதேனும் ஒன்றாக இருக்கலாம் என்பதால் இரண்டாவது வடிவம் மூன்றாயிற்று. ஆக, ரஸ்டில் ‘பஃபர்_டேட்டா_வித்_ஐ32’, ‘பஃபர்_டேட்டா_வித்_எஃப்64’, ‘பஃபர்_டேட்டா_வித்_ஆப்ட்_அரே_பஃபர்’, ‘பஃபர்_டேட்டா_வித்_அரே_பஃபர்_வியூ’, ‘பஃபர்_டேட்டா_வித்_யு8_அரே’ என ஐந்து செயல்கள் நிற்கின்றன. தரத்தைப் படித்துவிட்டு ரஸ்டுக்கு வருகிறவர் பஃபர்டேட்டாவைத் தேடி இந்த ஐந்தில் எது தமக்குரியது என்று ஆராய்ந்துகொண்டிருப்பது அன்றாடக் காட்சி. செட்டைம்அவுட்டின் கதி இன்னும் நீளம். எத்தனை உபரி மதிப்புகளை வேண்டுமானாலும் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம் என்பதால், உபரி ஒன்றும் இல்லாத வடிவத்துக்கே ‘செட்_டைம்அவுட்_வித்_கால்பேக்_அண்ட்_டைம்அவுட்_அண்ட்_ஆர்க்யுமென்ட்ஸ்_0’ என்று பெயர் வாய்த்தது.

பெயர் நீளமாயிருப்பது கண்ணுக்கு உறுத்தலே தவிரப் பெருந்தீங்கு அன்று. தீங்கு வேறிடத்தில் இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டைப் பொறுத்தவரை, ஒரு செயலுக்குப் புதிய வடிவம் ஒன்றைச் சேர்ப்பதும், ஒரு மதிப்பு இன்னொரு வகையாகவும் இருக்கலாம் என்று விரிப்பதும் பழைய நிரல் எதையும் உடைக்காத நிரபாயமான திருத்தங்கள். ஆகவே தரம் எழுதுவோர் அவற்றை அடிக்கடி செய்கிறார்கள், செய்யவும் வேண்டும். ஆனால் வகைகளின் பெயரைக் கோத்துச் செயலின் பெயரை அமைக்கும் கருவிக்கு, ஒரு புதிய வடிவம் சேர்ந்தவுடன், இதுகாறும் அடைமொழியின்றி நின்ற பெயருக்கு அடைமொழி தேவைப்படுகிறது. பழைய பெயரில் அழைத்த நிரல்கள் உடைகின்றன. எச்டிஎம்எல் சரத்தை நேரே ஆவணத்துக்குள் செலுத்தும் பண்புகளில், வெறும் சரம் என்றிருந்தது, டிரஸ்டட் டைப்ஸ் என்னும் பாதுகாப்பு ஏற்பாட்டின் பொருட்டு, நம்பகமான எச்டிஎம்எல் அல்லது சரம் என்று விரிந்தது. ஜாவாஸ்கிரிப்டில் எழுதுவோருக்கு இத்திருத்தத்தால் ஓர் எழுத்து மாற்றமும் வேண்டியிருக்கவில்லை. பைண்டிங் எழுதுவோருக்கோ, பழைய சர வடிவத்தை அப்படியே வைத்துக் காப்பதா, புதிய கூட்டு வகையை வெளிக்காட்டுவதா என்னும் தர்மசங்கடம் எழுந்தது. ஒத்திசைவு என்பதற்கு இரு சாராரும் கொள்ளும் அளவுகோல் வேறுபடுகிறது.

கூட்டு வகைகளை ஒவ்வொரு மொழியும் எவ்வாறு எதிர்கொண்டது என்பது ஒப்பிட்டுப் பார்க்க ருசிகரமானது. கேன்வாஸின் நிரப்பு வண்ணம் ஒரு சரமாகவோ, வண்ணப் படிவாகவோ, ஒரு கோலமாகவோ இருக்கலாம். டைப்ஸ்கிரிப்டில் கூட்டு வகை இயல்பாகவே உண்டு என்பதால் அங்கே தொல்லை இல்லை. கோட்லினின் ஜாவாஸ்கிரிப்ட் பைண்டிங் இத்தகைய இடங்களில் டைனமிக் என்னும் வகையிலாத வகையில் தஞ்சம் புகுந்தது. பின்னர் கோட்லின் வெப்அசெம்ப்ளிக்குப் பெயர்ந்தபோது அங்கே டைனமிக் இல்லாமையால், ஜேஎஸ்எனி என்னும் பொதுத் தந்தையை நாட வேண்டியதாயிற்று. டார்ட் மொழியும் கூட்டின் உறுப்புகளுக்குப் பொதுவான மேல்வகையைத் தேடி எடுத்துக்கொள்கிறது. வெப்-ஸிஸ் நெடுங்காலம் எந்த ஜாவாஸ்கிரிப்ட் மதிப்பையும் ஏற்கும் ஒரே அமைப்பியை வைத்திருந்து, பின்னர் அதைக் கைவிடத்தக்கது என்று அறிவித்து, சரத்துக்கொன்று, வண்ணப் படிவுக்கொன்று, கோலத்துக்கொன்று என மூன்று அமைப்பிகளைக் கொடுத்தது. இந்தக் கடைசி வழியே எனக்கு உவப்பானது. பெயர்கள் பெருகினாலும், தவறான மதிப்பு கம்பைலரின் கண்ணுக்குத் தப்பிச் செல்லாது.

சரங்களைப் பற்றிய பிரச்னை நுட்பமானது, ஆதலால் அதிகம் கவனிக்கப்படாதது. டாமின் சரம் 1998 முதலே 16 பிட் அலகுகளின் வரிசையாக வரையறுக்கப்பட்டுள்ளது. யூனிகோடில் 65536-க்கு அப்பாற்பட்ட எழுத்து அங்கே இரண்டு அலகுகளாகப் பிரிந்து நிற்கும், அவ்விரண்டில் ஒன்று தனித்து நிற்கவும் சரம் அனுமதிக்கும். ரஸ்டின் சரமோ யூடிஎஃப்-8. தனித்து நிற்கும் பாதி அலகுக்கு அங்கே இடமே இல்லை. எனவே எல்லையைக் கடக்கும்போது அந்தப் பாதி, மாற்றுக் குறியாக ஆக்கப்பட்டுவிடுகிறது. திரும்பிச் செல்லும்போது மூலச் சரம் கிடைக்காது. அன்றாடத் தமிழ் எழுத்துகள் யாவும் ஒற்றை அலகில் அடங்குவன என்பதால் நம் நிரல்களில் இது பெரும்பாலும் தலைகாட்டுவதில்லை. ஆனால் முந்திரி முதலிய பழந்தமிழ்ப் பின்னங்களும் அளவைக் குறிகளும் 2019-இல் யூனிகோடு 12.0-இல் தனித் தொகுதியாகச் சேர்க்கப்பட்டபோது, அவை அந்த எல்லைக்கு அப்பாலேயே இடம் பெற்றன. பழங்கணக்கேடு ஒன்றை உலாவியில் தட்டச்சு செய்து, நீள வரம்பு கருதி 16 பிட் அலகுக் கணக்கில் சரத்தை வெட்டினால், முந்திரிக் குறியின் பாதி மட்டும் எஞ்சக்கூடும். ஜாவாஸ்கிரிப்டுக்குள்ளேயே இருக்கும்வரை மறுபாதியை ஒட்டி மீட்கலாம், ரஸ்டுக்குள் சென்றுவந்த பிறகு மீட்க முடியாது. வெப் ஐ.டி.எல். இதை அறிந்தே, தனிப் பாதிகளை ஏற்காத யுஎஸ்வி சரம் என்னும் இன்னொரு வகையையும் வைத்திருக்கிறது. பைண்டிங்குகள் இரண்டையும் ஒரே சர வகையாகக் காட்டிவிடுகின்றன என்பதே குறை.

பைட்டுத் தொகுப்புகளின் விவகாரமே சமீப ஆண்டுகளில் அதிகம் பேரைப் பாதித்தது என்பதால் அதைச் சற்று விரிவாகவே கூறுகிறேன். வெப் ஐ.டி.எல்.-இல் பஃபர்சோர்ஸ் என்பது நினைவகத் துண்டு ஒன்றையோ அதன்மேல் அமைந்த பார்வை ஒன்றையோ குறிக்கும். அந்த நினைவகம் பல இழைகள் ஏககாலத்தில் தொடக்கூடிய பகிர்வு நினைவகமாக இருக்கலாகாது என்பது பொதுவிதி. அலவ்ஷேர்ட் என்னும் குறிப்பு வெளிப்படையாக எழுதப்பட்ட இடங்களில் மட்டுமே அது அனுமதிக்கப்படும். நெடுங்காலம் டைப்ஸ்கிரிப்டின் அறிவிப்புகளில் இந்த பேதம் இல்லை. யுஇன்ட்8அரே என்றால் அது எந்த நினைவகத்தின்மேல் அமர்ந்திருக்கிறது என்று கேட்பதற்கே வழியில்லை. 2024 நவம்பரில் வெளிவந்த 5.7 பதிப்பு, அந்த அரே வகைகளுக்கு, தாம் அமர்ந்துள்ள நினைவகத்தின் வகையைக் குறிக்கும் ஓர் அளபுருவைச் சேர்த்தது. 2025 ஆகஸ்டில் வந்த 5.9 பதிப்பில் உலாவி இடைமுகங்களின் அறிவிப்புகளும் அதற்கேற்பக் கடுமையாயின.

விளைவு யாதெனில், ஒரு யுஇன்ட்8அரேவை வாங்கி அதன் ஹாஷைக் கணக்கிட வெப் கிரிப்டோவின் டைஜஸ்ட் செயலுக்கு அனுப்பும், பல ஆண்டுகளாக ஒரு குறையுமின்றி ஓடிக்கொண்டிருந்த நான்கு வரி நிரல், பதிப்பு மாறிய அன்று கம்பைல் ஆக மறுத்தது. வாங்கும் மதிப்பின் வகையில் நினைவகத்தைக் குறிப்பிடாவிடில், அது சாதாரணமாகவும் இருக்கலாம், பகிர்வாகவும் இருக்கலாம் என்றே பொருள். டைஜஸ்ட்டோ பகிர்வை ஏற்காது. எனவே பொருந்தாது என்பது கம்பைலரின் தீர்ப்பு. அந்நிரலின் ஆசிரியர் பகிர்வு நினைவகத்தை வாழ்நாளில் கையாண்டிராதவராயினும் அவருடைய அறிவிப்பு வரியைத் திருத்தியே ஆக வேண்டும். நோட் சூழலின் பஃபர் வகையைப் பயன்படுத்துவோருக்கும், இடையில் நிற்கும் நூலகங்களின் ஆசிரியர்களுக்கும் இதே நிலை. இதைக் கம்பைலரின் கெடுபிடி என்று குறை கூறியோர் பலர். என் அபிப்பிராயம் வேறு. கம்பைலர் சொன்னது உண்மையே. பகிர்வு நினைவகத்தின்மேல் அமைந்த அரேவைக் கொடுத்திருந்தால் உலாவி ஓட்டத்தின்போதே வகைப் பிழை எழுப்பியிருக்கும். வெப்அசெம்ப்ளியில் பல இழைகளோடு எழுதுவோர், தம் நினைவகம் முழுவதுமே பகிர்வாகிவிடுவதால், தற்போக்கு எண்களை நேரே அதில் நிரப்பும்படி கெட்ரேண்டம்வேல்யூஸை அழைத்து, அது மறுக்கக் கண்டு, தனிப் பிரதி எடுத்துக் கொடுக்கும் வழக்கத்தை முன்னரே மேற்கொண்டிருந்தனர். பத்து வரிக்கு ஒரு பிழை தோன்றியதற்குக் காரணம், மூலத்தில் முன்னரே எழுதப்பட்டிருந்த ஒரு நிபந்தனை, அறிவிப்புகளில் பல ஆண்டுகள் தாமதித்து வந்து சேர்ந்ததுதான்.

இதற்கு நேர்மாறாக, மூலத்திலேயே எழுதப்படாத செய்திகளும் உண்டு. அவை இன்னும் கடினமானவை. ஒரு செயல் தனக்குக் கொடுக்கப்பட்ட பைட்டுகளை வாசிக்க மட்டும் செய்யுமா, அவற்றில் எழுதவும் செய்யுமா என்பதை வெப் ஐ.டி.எல். கூறுவதில்லை, ஜாவாஸ்கிரிப்டுக்கு அது வேண்டியதில்லை. ரஸ்டுக்கோ அது உயிர்நாடி. ஆகவே அபாயம் நேராதிருக்க, எல்லாவற்றையும் எழுதக்கூடியதாகவே கருதி வெப்-ஸிஸ் உற்பத்தி செய்தது. வாசிப்பதோடு நின்றுவிடும் செயல்கள் இவையிவை என்று மனிதர்கள் ஆவணங்களைப் படித்துத் தயாரித்த ஒரு விதிவிலக்குப் பட்டியல் கருவிக்குள் பின்னர் இடம்பெற்றது. நிகழ்ச்சிகளின் கதையும் அவ்வாறே. கிளிக் என்னும் பெயரில் வரும் நிகழ்ச்சி எந்த வகைப் பொருளைக் கொண்டுவரும் என்பது வரையறையின் வகை வரிகளில் இல்லை, உரைநடையில் இருக்கிறது. அந்த உரைநடையும் மாறும். குரோம் 92-ஆம் பதிப்பிலிருந்து, 2021-இல், கிளிக் நிகழ்ச்சி மவுஸ்ஈவென்ட்டுக்குப் பதிலாக அதன் வழித்தோன்றலான பாயின்டர்ஈவென்ட்டாக வரத் தொடங்கிற்று. உள்ளீட்டுப் பெட்டியில் தட்டச்சான மதிப்பைப் படிக்கும் மிக எளிய நிரலில்கூட, நிகழ்ச்சியின் இலக்கு வெறும் ஈவென்ட்டார்கெட் என்றே வகையில் நிற்பதால், டைப்ஸ்கிரிப்டில் ஓர் உறுதிமொழியும் ரஸ்டில் ஒரு வகை இறக்கமும் எழுதாமல் அப்பெட்டியை அடைய முடிவதில்லை.

சில இடங்களில் மூலங்களே ஒன்றோடொன்று முரண்படுகின்றன. மவுஸின் ஆயத்தொலைவுகள் யுஐ ஈவென்ட்ஸ் தரத்தில் முழு எண்கள். சிஎஸ்எஸ்ஓஎம் வியூ தரமோ அவற்றை மிதவைப்புள்ளி எண்கள் என்கிறது. இவற்றுள் முழு எண்ணைக் கொண்டு உற்பத்தியான வெப்அசெம்ப்ளி பைண்டிங்கில், உலாவி பின்ன மதிப்பு கொடுத்தாலும் எல்லையில் பின்னம் ஓசையின்றி உதிர்ந்துவிடும். வரைபலகை நிரல் எழுதி, கோடு ஏன் நடுங்குகிறது என்று வியப்போர் இந்த இடத்தையும் ஒருமுறை சோதித்துப் பார்ப்பது நலம்.

மொழியே தன் வகைமுறையைத் திருத்திக்கொண்டு வரையறைக்கு இடங்கொடுத்த சந்தர்ப்பங்களும் உண்டு. ஒரு பண்பைப் படித்தால் ஒரு பொருள் கிடைக்கும், அதற்கே ஒரு சரத்தை எழுதினால் அச்சரம் அப்பொருளின் உள்ளே ஓர் உறுப்புக்குச் சென்று சேரும் என்னும் ஏற்பாடு உலாவியில் பழையது; நடைபாணியைக் குறிக்கும் ஸ்டைல் பண்பு அத்தகையது. படிக்கும் வகையும் எழுதும் வகையும் ஒன்றே என்று கொண்ட டைப்ஸ்கிரிப்டில் இதைச் சொல்ல வழியிருக்கவில்லை. 2021-இல் 4.3 பதிப்பு எழுதும் வகை படிக்கும் வகையைவிட விரிந்திருக்கலாம் என்றது, 2023-இல் 5.1 பதிப்பு இரண்டும் தொடர்பற்றவையாகவே இருக்கலாம் என்று, இந்த ஸ்டைல் பண்பையே உதாரணம் காட்டி, அனுமதித்தது. டார்ட்டும் 2024 பிப்ரவரியில் 3.3 பதிப்பில் எக்ஸ்டென்ஷன் டைப்ஸ் என்னும் புதிய வகையமைப்பைக் கொணர்ந்து, தன் பழைய உலாவி நூலகத்தை விடுத்து, வெப் ஐ.டி.எல்.-இலிருந்து உற்பத்தியாகும் வெப் பேக்கேஜை அதன்மேல் நிறுவிற்று. அங்கும் எண் தன் வேலையைக் காட்டாமலில்லை: ஜாவாஸ்கிரிப்டாகக் கம்பைல் ஆன டார்ட்டில் 1.0 என்பது முழு எண்ணா என்று கேட்டால் ஆம் என்று விடை வரும், வெப்அசெம்ப்ளியாகக் கம்பைல் ஆன அதே நிரலில் இல்லை என்று வரும்.

உற்பத்தி செய்தவற்றைப் பராமரிப்போர் கையாளும் பரிகாரங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. டைப்ஸ்கிரிப்டின் உலாவி அறிவிப்புகள் வரையறைகளிலிருந்து பிறந்தாலும், அவற்றின்மேல் கையால் எழுதிய சேர்க்கைகளும், நீக்கங்களும், திருத்தங்களும் அடங்கிய கோப்புகள் இருக்கின்றன. குறைந்தது இரண்டு உலாவி இயந்திரங்களில் நடைமுறைக்கு வந்தவற்றையே சேர்ப்பது என்பதும் அங்கே விதி. வெப்-ஸிஸில் நிலைபெறாத இடைமுகங்கள் தனி அனுமதியின்றிக் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. நிலைபெற்றவையும், ஒரு செயலின் மதிப்புகளில் வரும் ஒவ்வொரு வகைக்கும் உரிய பிரிவைத் தனித்தனியே கேட்டு வாங்கினாலன்றித் தோன்றுவதில்லை. கம்பைல் நேரத்தைக் குறைக்க வந்த இந்த ஏற்பாடு, ஆவணத்தில் இருக்கும் செயல் தம் நிரலில் ஏன் இல்லை என்று புதியவர்கள் திகைக்கவும் காரணமாகிறது. கையால் எழுதும் திருத்தப் பட்டியல்களை இயந்திரத்தின் தோல்விக்கு அடையாளமாகக் கருதுவோர் உண்டு. அவை வரையறையில் இடம்பெறாத மெய்யான அறிவின் களஞ்சியம் என்பதே என் கருத்து. ஆனால் அந்த அறிவு டைப்ஸ்கிரிப்டுக்கு ஒரு களஞ்சியம், ரஸ்டுக்கு ஒன்று, டார்ட்டுக்கு ஒன்று என்று சிதறிக் கிடப்பது வீண் உழைப்பு. வாசிப்பு மட்டுமா எழுத்தும் உண்டா, இந்த நிகழ்ச்சி எந்த வகையைக் கொணரும் என்பன போன்ற செய்திகளை மூல வரையறையிலேயே குறிப்புகளாகச் சேர்ப்பதற்கு இலக்கணத்தில் தடையில்லை. அலவ்ஷேர்ட் குறிப்பு அவ்வாறு சேர்ந்ததே. ஜாவாஸ்கிரிப்டின் நடத்தையை மாற்றாத குறிப்புகளை எழுதித் திருத்திவரும் சிரமத்தைத் தரம் எழுதுவோர் ஏன் ஏற்க வேண்டும் என்பதே இதற்கு எதிரான வாதம். பிறமொழியாளர் தொகை பெருகிவரும் இந்நாளில் அவ்வாதத்தின் வலிமை குறைந்துவருகிறது என்று நம்புகிறேன்.

வேறு பாதையை நாடினோரும் உண்டு. வெப்அசெம்ப்ளிக்கு வெப் ஐ.டி.எல்.-ஐயே நேரடி இணைப்பு மொழியாக்கலாம் என்று எழுந்த முன்மொழிவு, உலாவிக்கு வெளியேயும் வெப்அசெம்ப்ளி ஓட வேண்டும் என்பதால் ஜாவாஸ்கிரிப்டின் சாயல் ஆகாது எனக் கண்டு, 2019-இல் இன்டர்ஃபேஸ் டைப்ஸ் என்று உருமாறி, பின்னர் காம்பொனென்ட் மாடலாக வளர்ந்தது. அங்கே எண்களின் அகலம் அகலமாகவே பொருள்படும். சரத்தில் தனிப் பாதிகளுக்கு இடமில்லை. அந்தச் சர விதியைப் பற்றி, 16 பிட் சரங்களைக் கொண்ட மொழிகளின் தரப்பிலிருந்து கடுமையான ஆட்சேபம் எழுந்தும், விதி நிலைத்தது.

உலாவிக்கான வரையறையும் பிறமொழிக்கான தனி விவரணமும் அருகருகே ஓடுவதைக் காண விரும்புவோர் வெப்ஜிபியுவைப் பார்க்கலாம். அதன் வரையறை வெப் ஐ.டி.எல்.-இல் எழுதப்பட்டவற்றுள் மிகக் கவனமாக எழுதப்பட்டதென்று சொல்லத்தக்கது. அளவுகளுக்கெல்லாம் தனிப் பெயர் சூட்டி, வரம்பு மீறினால் பிழை என்னும் குறிப்பையும் அப்பெயரோடே சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். அவ்வளவு கவனம் இருந்தும், சி மொழிக்கான தலைப்புக் கோப்பை அதிலிருந்து உற்பத்தி செய்ய இயலவில்லை. பொருளை யார் உடைமையாக வைத்திருப்பது, எப்போது விடுவிப்பது என்பன போன்றவற்றைக் கூற, யாம்ல் வடிவில் வேறொரு விவரணத்தைத் தனியே பராமரிக்கிறார்கள். ரஸ்டின் டபிள்யூஜிபியு நூலகமும், வெப்-ஸிஸில் இந்த இடைமுகங்கள் நிலைபெறாதவையாக இருப்பதால், உற்பத்தியான பைண்டிங்கின் ஒரு பிரதியைத் தன்னிடமே வைத்துக்கொண்டிருக்கிறது. ஒரு பஃபர் எதற்குப் பயன்படும் என்று குறிக்கும் கொடிகளின் தொகுப்பு, உலாவியின் வரையறையில் 32 பிட் அகலமுடையது. சி மொழியின் தலைப்புக் கோப்பில் அதே கொடிகள் 64 பிட் அகலத்தில் இருக்கின்றன.